அக்கா மாற்றிக் கொடுத்த பாட்டில்

"ஒரே மாதிரி ரெண்டு மாத்திரை. ஒண்ணுல மருந்து இருக்கு, இன்னொண்ணுல வெறும் மாவு. எது எதுன்னு யாருக்கும் தெரியாது. நீயா இருந்தா எதை உன் தம்பிக்குக் குடுப்பே?"

என் மூக்கின் மேல் புதுக் கண்ணாடியை வைத்துச் சரிபார்த்தபடியே கண்ணாடியக்கா இப்படிக் கேட்டார். அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எனக்கும் ஒரு தம்பி இருக்கிறான், அவனோடு சண்டை போடாத நாள் கிடையாது. இருந்தாலும் வாயில் வார்த்தை வரவில்லை. "வராதுன்னு தெரியும். டக்குன்னு வந்திருந்தா நீயும் என்னை மாதிரி ஆயிருப்பே" என்றார் அக்கா. அதன்பிறகு அவர் சொன்னதையும், அவர் வீட்டில் மற்றவர்கள் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவருடைய தம்பியை அக்கா "அவன், இவன்" என்றுதான் சொன்னார். அதை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

கண்ணாடியக்கா வேலை செய்யும் கடை ஒடுக்கமானது. மாடியில் கண் டாக்டர், கீழே கடை. முன்பக்கம் முதலாளியும் கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய அலமாரியும் இருக்கும். பின்பக்கத்தில் ஒரு சின்ன மேசை, முகம் பார்க்கும் ஒரு வட்டக் கண்ணாடி, குட்டித் திருப்புளிகள், சூடான மணிகள் நிரப்பிய ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் கண்ணாடிச் சட்டத்தின் காதுப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் புதைத்து வைத்தால் இளகிவிடும். அப்போது எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம். அக்காவுக்கு ஒரு முகத்தை ஒருதரம் பார்த்தால் போதும், எந்தக் காது மேலே, எந்தக் காது கீழே என்று சொல்லிவிடுவார்.

வாரத்துக்கு நாலு பேராவது வந்து ஒரே குறையைச் சொல்வார்கள். "நான் மெலிஞ்சுட்டேன் போலம்மா, கண்ணாடி நழுவுது."

"உங்க முகம் அப்படியேதான் இருக்கு சார். சட்டம்தான் தளர்ந்துபோச்சு. போடப்போட எல்லாம் தளரும்."

"கல்யாணமுமா?"

"அதை வீட்டுல கேளுங்க, இங்க திருப்புளிதான் இருக்கு."

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "என் மூக்குக்கு ஏத்த சட்டம் அமையல" என்பார். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

அப்பா இறந்தபோது அக்கா பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் போன மனிதர், வாசல் கேட்டுக்குப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. அதற்கு முன்பே பெரியப்பா அப்படித்தான் போயிருந்தார். இரண்டு பேருக்கும் தலை நரைக்கவில்லை. "நம்ம வீட்டு ஆம்பளைங்களுக்கு நெஞ்சு கொஞ்சம் சின்னது" என்று அம்மா சொல்வார். அப்படி ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டால் அழுகை கொஞ்சம் அடங்கும். பிறகு அம்மாவும் போய்ச் சேர்ந்தார். இருந்த ஒரே வீட்டில் கீழே அக்கா, மேலே தம்பி, தம்பியின் மனைவி, அவர்களுடைய மகள். மகளை எல்லாரும் "பொடிசு" என்றுதான் கூப்பிடுவார்கள். தம்பி மனைவி வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை மேலே தையல் மெஷின் ஓடும் சத்தம் கீழே கேட்டுக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சத்தம் இல்லாவிட்டால் அக்காவுக்குக் காது அடைத்ததுபோல இருக்குமாம்.

தம்பிக்குக் குழாய் வேலை. ஊரில் எந்த வீட்டில் தண்ணீர் அடைத்துக்கொண்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வாய் ஓயாது. வேலை முடிகிற வரை அந்த வீட்டுக்காரர்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பான். அவன் போனபிறகுதான் தரை முழுக்கச் சேறு என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஒருநாள் கிட்டத்தில் படிப்பதற்குக் கண்ணாடி வேண்டும் என்று கடைக்கு வந்தான். "இதுக்குள்ள உனக்கு வயசாயிடுச்சாடா?" என்று கிண்டல் செய்தபடி, இரண்டு கண்மணிகளுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளக்க அக்கா குனிந்தார். அளவுகோல் அப்படியே நின்றுவிட்டது. தம்பியின் கருவிழியைச் சுற்றி வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் இருந்தது. வயதான பலர் கண்ணில் அதைப் பார்த்திருக்கிறார். தாத்தாக்களின் கண்ணில் அது சாதாரணம். முப்பது வயசைக் கொஞ்சம் தாண்டிய ஒருத்தன் கண்ணில் அவர் பார்த்ததில்லை.

"என்ன அக்கா, என் கண்ணுல சினிமா ஓடுதா?"

அக்கா திரும்பி, மேசைமேலிருந்த வட்டக் கண்ணாடியில் தன் கண்ணைப் பார்த்தார். ஆயிரம் கண்களை அந்தக் கண்ணாடிக்கு முன்னால் உட்காரவைத்துப் பார்த்தவர், தன் கண்ணை ஒருநாளும் இப்படிப் பார்த்ததில்லை. அதே வளையம் அங்கேயும் இருந்தது.

மாடியிலிருந்த கண் டாக்டர்தான் இருவரையும் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். கொலஸ்டிரால் இருக்க வேண்டியதைப்போல மூன்று மடங்கு இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் தம்பியின் குதிகாலுக்கு மேலே இருக்கும் நரம்பைக் கிள்ளிப் பார்த்தார். தடிமனாக, கயிறு போல இருந்தது. அக்காவுக்கும் அப்படியே. அது நரம்பில்லை, தசைநார், கொழுப்பு அங்கே போய்ப் படிந்திருக்கிறது என்றார்.

"நான் எண்ணெயே தொடமாட்டேன் டாக்டர்" என்றார் அக்கா.

"இது சாப்பாட்டால வந்தது இல்லம்மா. பிறக்கும்போதே கூட வந்தது. ரத்தத்துல இருக்கிற கொழுப்பை உங்க ஈரல் வேண்டிய அளவுக்கு இழுத்துக்க மாட்டேங்குது. உங்க அப்பாவுக்கும் இதுதான் இருந்திருக்கும்."

அப்பாவின் நெஞ்சு சின்னதில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்து என்ன செய்வது? அம்மாவிடம் சொல்லலாம் என்றால் அம்மாவும் இல்லை.

ஊரில் விஷயம் தெரிந்ததும் எல்லாருக்கும் ஒரே வேடிக்கைதான் தோன்றியது. அவர்கள் வாய் திறப்பதற்குள் தம்பியே முந்திக்கொள்வான். "ஆமா, ஊர்க் குழாய் அடைப்பையெல்லாம் எடுக்கிறவன் குழாயே அடைச்சுக்கிச்சு. அதானே சொல்ல வந்தீங்க? டீயைக் குடிங்க."

வழக்கமாகக் கொடுக்கும் மாத்திரையை முழு அளவில் கொடுத்தார்கள். கூடவே இன்னொன்றும் கொடுத்தார்கள். அளவு இறங்கியது, ஆனால் இறங்க வேண்டிய இடத்துக்கு வரவில்லை. அப்போதுதான் ஆஸ்பத்திரியில் ஒரு மருந்து ஆய்வுக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். புதிதாகக் கண்டுபிடித்த மாத்திரை. பிறவியிலேயே இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குத்தான் அதைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். பழைய மாத்திரைகளை நிறுத்த வேண்டாம், அவற்றோடு இது ஒன்று கூடுதல். அவ்வளவுதான்.

அவ்வளவுதானா? ஆய்வு நர்ஸ் ஒருவர் இருந்தார். கையில் எப்போதும் மாத்திரை பாட்டில் இருந்ததால் தம்பி அவருக்கு "பாட்டில் சிஸ்டர்" என்று பெயர் வைத்துவிட்டான். அவர் இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். சேருகிற எல்லாருக்கும் புது மருந்து கிடைக்காது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதேபோலவே இருக்கும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடும். சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற நர்ஸுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ரத்தத்தில் அளவு எவ்வளவு என்பதைக்கூட ஆய்வு முடியும்வரை யாருக்கும் சொல்ல மாட்டார்கள். வெளியே போய்ச் சோதித்துப் பார்க்கவும் கூடாது.

"எதுக்கு சிஸ்டர் இவ்வளவு கண்ணாமூச்சி?" என்று தம்பி கேட்டான்.

"தெரிஞ்சா மனசு விளையாடும். மருந்து சாப்பிடுறோம்னு தெரிஞ்சவர் தைரியமா இருப்பார். மாவு சாப்பிடுறோம்னு தெரிஞ்சவர் வேற டாக்டரைத் தேடிப் போயிடுவார். அப்புறம் மருந்து வேலை செஞ்சுதா, மனசு வேலை செஞ்சுதான்னு எப்படிச் சொல்றது?"

அக்கா யோசித்துவிட்டுக் கேட்டார். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி குடுத்துடக் கூடாதா? ஒரே வயித்துல பிறந்தவங்க."

"குலுக்கிப் போடுறது மெஷின் அக்கா. அதுக்கு அக்கா தம்பி தெரியாது." பாட்டில் சிஸ்டர் சிரித்தார். பிறகு முகம் மாறி, "ஒரே வீட்டுல ரெண்டு பேர் சேருறது எங்களுக்குக் கொஞ்சம் பயம்தான். மாத்திக்க மாட்டீங்களே?" என்றார்.

"எங்கக்காவா?" என்றான் தம்பி. "சின்ன வயசுல என் பங்கு மிட்டாயையும் சேர்த்துத் தின்னவ சிஸ்டர். அவ பாட்டிலை எனக்குக் குடுத்துடுவான்னு கனவுலகூட நினைக்காதீங்க."

இருவரும் சேர்ந்தார்கள். முதல் தவணையிலேயே தம்பியின் பாட்டில் பாதி தீராமல் திரும்பி வந்தது. மறந்துவிட்டானாம். பாட்டில் சிஸ்டர் கோபித்துக்கொண்டதில், "இனி என் பொறுப்பு" என்று அக்கா இரண்டு பாட்டிலையும் தன் அலமாரியில் வாங்கி வைத்துக்கொண்டார். தம்பியின் பாட்டிலில் அடையாளத்துக்கு ஒரு நீல ரப்பர் வளையம் போட்டார். வேலை முடிந்து வரும் தம்பி கீழே அக்கா வீட்டில் நின்று கைகால் கழுவிவிட்டுத்தான் மேலே போவான். அப்போது ஒரு டம்ளர் தண்ணீரும் ஒரு மாத்திரையும் அவன் கைக்கு வரும். இவரும் அவன் எதிரிலேயே ஒன்றைப் போட்டுக்கொள்வார். இரண்டு டம்ளரையும் இடித்து, "சியர்ஸ்" என்பான் தம்பி. பொடிசும் ஓடிவந்து வெறும் டம்ளரை இடித்துவிட்டுப் போகும்.

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போனது. ஒருநாள் காலையில் கடைக்குக் கிளம்பும்போது அக்கா செருப்பை மாட்டினார். பின்வார் உரசவில்லை. குதிகால் தசைநார் தடித்திருந்ததால் அந்த வார் எப்போதும் அங்கே அழுத்தும். அதற்காகவே கடைசி ஓட்டையில் போட்டிருந்தார். இப்போது தொளதொளவென்று இருந்தது. ஒரு ஓட்டை இறுக்கினார். சரியாக இருந்தது. சில வாரம் கழித்து இன்னொரு ஓட்டையும் இறுக்க வேண்டியிருந்தது.

குனிந்து குதிகாலைத் தடவிப் பார்த்தார். மெலிந்திருப்பதுபோலத்தான் பட்டது. வேண்டும் என்று தேடும் கைக்கு எல்லாம் தட்டுப்படும் அல்லவா? மனசுக்குள் ஒரு குதிப்பு. மருந்து தனக்குத்தான் விழுந்திருக்கிறது! அடுத்த நொடியே அந்தக் குதிப்பு அறுந்து விழுந்தது. அன்று சாயங்காலம் தம்பி கால் கழுவும்போது சும்மா கேட்பதுபோலக் கேட்டார். "ஷூ எப்படிடா இருக்கு? பின்னாடி உரசுதா?"

"உரசுதாவா? உசுரை வாங்குது. புது ஷூ மாத்தியும் அப்படியேதான் இருக்கு."

அப்படியானால் அவனுக்கு மாவு. அக்காவுக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. டாக்டருக்கும் தெரியாத ரகசியத்தைச் செருப்பு வார் சொல்லிவிட்டது என்றே நம்பினார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அக்காவின் சதை ஆடியது. மறுநாளிலிருந்து ரப்பர் வளையம் போட்ட பாட்டிலிலிருந்து தான் எடுத்துக்கொண்டு, தன் பாட்டிலிலிருந்து தம்பிக்குக் கொடுத்தார்.

ஆனால் அவன் குழாய்க்காரன். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று பார்ப்பதே தொழிலாக உள்ளவன். சில நாளிலேயே பிடித்துவிட்டான்.

"அக்கா, ரப்பர் போட்டது என்னுதுதானே? அதுலேர்ந்து ஏன் நீ எடுக்கிறே?"

"கை தவறிடுச்சு."

"நேத்தும் தவறுச்சே?" டம்ளரைக் கீழே வைத்தான். முகத்தில் வேடிக்கை இல்லை. "என்ன பண்றே நீ?"

அக்கா சொல்லிவிட்டார். செருப்பைக் கொண்டுவந்து காட்டினார். தம்பி அதைப் பார்க்கக்கூட இல்லை.

"அப்போ உன்னைக் கொன்னு நான் பிழைச்சுக்கணும். அப்படித்தானே?"

"டேய், எனக்கு ஒண்ணு ஆனா கடையில ஒரு ஸ்டூல் காலியாகும். உனக்கு ஒண்ணு ஆனா மேல ரெண்டு உசுரு நடுத்தெருவுல நிக்கும். நீயே சொல்லு."

"சொல்றேன். நீ போயிட்டா எனக்கு அக்கா யாரு? கடையில விக்குதா?" முகத்தைத் திருப்பிக்கொண்டான். உடனே சமாளித்துக்கொண்டான். "மிட்டாயைத்தான் பிடுங்கித் தின்னே, சரி. இப்போ மாவையும் பிடுங்குறியே, வெக்கமா இல்ல?"

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அவன் கையை நீட்டினான். "சத்தியம் பண்ணு. இனி அவங்கவங்க பாட்டில் அவங்கவங்களுக்கு."

அக்கா அவன் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். அவன் மேலே போனதும், மாடிப்படியில் சத்தம் அடங்கும்வரை நின்றார். பிறகு நீல ரப்பர் வளையத்தைக் கழற்றி மற்ற பாட்டிலில் போட்டுவிட்டார். மறுநாள் முதல் தம்பி ரப்பர் போட்ட பாட்டிலைப் பார்த்து நிம்மதியாக விழுங்கினான். பாட்டிலில் ஒட்டியிருந்த எண்ணைப் படிக்க அவனுக்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடியை அவன் சட்டைப்பையிலிருந்து எடுப்பதே அபூர்வம்.

அந்தக் கண்ணாடியை ஒரு சாயங்காலம் அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனான். காதுக்குப் பின்னால் அழுத்துகிறதாம். மறுநாள் காலை ஒரு வீட்டு வேலைக்குப் போன இடத்திலிருந்து போன் செய்தான். "அக்கா, கண்ணாடியை ரொம்பத் தளர்த்திடாதே, அப்புறம் நழுவும். சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்." பின்னால் யாரோ பேசுவதும் தண்ணீர் கொட்டுவதும் கேட்டது. "சரிடா, ஈரத்துல நின்னு பேசாதே, வை" என்றார் அக்கா.

மதியத்துக்கு முன்னாலேயே அந்த வீட்டு அம்மாள் இவர்களுக்குப் போன் செய்தார். சமையலறைத் தொட்டிக்குக் கீழே படுத்து வேலை செய்துகொண்டிருந்தவன் பேச்சை நிறுத்திவிட்டானாம். வாய் ஓயாமல் பேசுகிறவர் ஏன் பேசவில்லை என்று எட்டிப் பார்த்தேன் என்று அந்த அம்மாள் திரும்பத் திரும்பச் சொன்னார். அதையேதான் சொன்னார். வேறெதுவும் அவருக்குச் சொல்ல வரவில்லை.

அழுகைக்கும் ஆட்களுக்கும் நடுவில் அக்காவுக்கு ஒரே ஒரு நினைப்புதான். கொடுத்தது மருந்தா, மாவா? செருப்பு வார் சொன்னது பொய்யாக இருந்து, மெய்யான மருந்து அவன் பாட்டிலில் இருந்திருந்தால்? அவன் வாயிலிருந்து அதைப் பிடுங்கித் தான் தின்றதாகத்தானே ஆகும்? மிட்டாயைப் போல.

சில நாள் கழித்துப் பாட்டில் சிஸ்டர் வீட்டுக்கு வந்தார். துக்கம் விசாரித்துவிட்டு, தயங்கித் தயங்கி மிச்சமிருந்த மாத்திரைகளைக் கேட்டார். திருப்பித் தர வேண்டும் என்பது விதி. அக்கா பாட்டிலை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. சத்தியம் வாங்கியவனே இல்லை. ஆனால் சிஸ்டர் பாட்டிலைப் பையில் வைக்கும்போது ஒரு வார்த்தை சொன்னார். "உங்க தம்பி ஆய்வுக்கு நடுவுல இறந்திருக்கார். இதையும் கணக்குல எழுதுவாங்க அக்கா. மருந்து வேலை செய்யுதா இல்லையான்னு கடைசியில அதுதான் சொல்லும்."

அந்த வார்த்தை அக்காவை விடவில்லை. இவன் சாவு ஒரு கணக்கில் ஏறப்போகிறது. எந்தப் பாட்டில் என்பது தப்பாக இருந்தால், அவன் சாவும் பொய் சொல்லும். உயிரோடு இருந்தவரை ஊரைச் சிரிக்கவைக்கத்தான் அவன் பொய் சொன்னான். செத்தபிறகு அவனை ஏன் பொய் சொல்ல வைக்க வேண்டும்?

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். செருப்பு, ரப்பர் வளையம், சத்தியம் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அக்காவுக்குத் தோன்றியது.

"எழுதிக்கிறேன். ஆனா ஒண்ணு சொல்லணும்மா. உங்க தம்பி எந்தப் பக்கம் சீட்டு விழுந்ததோ, அந்தப் பக்கம்தான் இருப்பார். என்ன முழுங்கினார்ங்கிறதுக்காக இடம் மாத்த மாட்டோம்."

"அது எப்படி டாக்டர்? நான்தான் மாத்திக் குடுத்துட்டேனே."

"மறந்தவங்க இருப்பாங்க, துப்பினவங்க இருப்பாங்க, மாத்தினவங்க இருப்பாங்க. நடந்ததைப் பார்த்துட்டு அப்புறமா ஆளை இந்தப் பக்கம் அந்தப் பக்கம்னு நகர்த்த ஆரம்பிச்சா, எங்களுக்குப் பிடிச்ச பதில்தான் வரும். உண்மை வராது."

அக்காவுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. "சரி, எது எதுன்னு இப்பவே பார்த்துச் சொல்லிடுங்க. நான் தூங்கணும்."

டாக்டர் முடியாது என்று தலையை ஆட்டினார். "உயிரோட இருக்கிறவருக்கு வைத்தியம் பார்க்க அவசரம்னா பிரிச்சுப் பார்க்கலாம். இறந்தவருக்காகப் பிரிக்க அனுமதி இல்லம்மா. முடியிற வரைக்கும் எனக்கே தெரியாது." அக்காவுக்கு ஆய்வு மாத்திரையை அன்றோடு நிறுத்திவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நேராக மாடிக்குப் போனார். மடியில் கனத்தை வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் எத்தனை நாள் நடக்க முடியும்? தம்பி மனைவி மெஷினில் உட்கார்ந்து ஒரு நீளத் திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார். அக்கா சொல்லச் சொல்ல மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. துணி தீர்ந்தபிறகும் ஓடியது. வெறும் ஊசி ஏறி ஏறி இறங்கியது.

"உங்களை யாரு கேட்டா அண்ணி?" என்றார் கடைசியில். "அவருக்கு எதைக் குடுக்கணும்னு முடிவு பண்ண நீங்க யாரு? என்னைக் கேட்டீங்களா? அவரைக் கேட்டீங்களா?"

கேட்டேன், அவன் வேண்டாம் என்றான், மீறிக் கொடுத்தேன் என்பதுதான் பதில். அதைச் சொல்ல அக்காவுக்கு நாக்கு எழவில்லை. சொல்லாமலேயே அது தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு மேலே கீழே என்று இரண்டு வீடாகிவிட்டது. சண்டை இல்லை, பேச்சும் இல்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்தபடி ஒதுங்குவார்கள். பொடிசு கீழே வருவதில்லை. அதற்கும் ரத்தம் சோதித்தார்கள். அப்பாவின் சொத்தில் அதற்கும் பங்கு இருந்தது. வழக்கமான மாத்திரையை அந்த வயதிலேயே ஆரம்பித்தார்கள். தினம் சாயங்காலம் மேலேயிருந்து தம்பி மனைவி, "மாத்திரை போட்டியா?" என்று அதட்டும் சத்தம் கீழே கேட்கும். அந்த நேரத்தில் அக்கா அலமாரிப் பக்கம் பார்க்க மாட்டார். கடை மேசையின் இழுப்பறையில் தம்பியின் கண்ணாடி கிடந்தது. அதைத் தளர்த்தியும் ஆகிவிட்டது, துடைத்தும் ஆகிவிட்டது. வாங்கிக்கொள்ள ஆள் வரவில்லை.

ஆய்வு முடிய இன்னும் சில வருஷம் ஆனது. முடிந்ததும் சேர்ந்தவர்களையும் இறந்தவர்களின் குடும்பத்தையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். அக்கா தனியாகத்தான் கிளம்பினார். தெருமுனையில் திரும்பிப் பார்த்தால் தம்பி மனைவி பின்னால் வந்துகொண்டிருந்தார். பஸ்ஸில் இருவரும் வேறு வேறு இருக்கையில் உட்கார்ந்து போனார்கள்.

பாட்டில் சிஸ்டருக்கு முடி கொஞ்சம் நரைத்திருந்தது. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மாவு அக்கா."

"யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும்."

அக்காவுக்குச் சொல் காதில் விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை. தம்பி மனைவிதான் முதலில் வாய் திறந்தார். "அப்போ மாவுக்கு மாவா மாத்திக் குடுத்தீங்களா அண்ணி?" என்று சிரிக்க ஆரம்பித்தவர், சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே ஆரம்பித்தது என்று தெரியாமல் முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மருந்து வேலை செய்கிறது என்றும் சிஸ்டர் சொன்னார். மாவுப் பக்கம் இருந்தவர்களில் மாரடைப்பு வந்தவர்கள் அதிகம். அதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்களாம். உங்கள் தம்பி அந்தப் பக்கத்தில் இருந்தவர் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

"அவ்வளவுதானா சிஸ்டர்?" என்றார் தம்பி மனைவி. "ஒரு பக்கத்துல ஒரு கோடு கூடிச்சு. அதுதான் என் வீட்டுக்காரரா?"

இதற்குப் பதில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்தபோது அக்கா குனிந்து செருப்பைக் கழற்றினார். அதே பழைய செருப்புதான். அதைத் தூக்கிப்போட அவருக்கு மனம் வந்ததில்லை. மடியில் வைத்து வாரைத் திருப்பிப் பார்த்தார். தோல் இழுபட்டு நீண்டிருந்தது. வட்டமாக இருந்த ஓட்டைகள் இழுத்து இழுத்து நீளமாகியிருந்தன. குதிகாலைத் தொட்டுப் பார்த்தார். கயிறு அப்படியேதான் இருந்தது.

கால் மெலியவில்லை. வார்தான் தளர்ந்திருந்தது. கடையில் ஊருக்கெல்லாம் சொல்கிற வார்த்தை. தன் காலுக்கு மட்டும் அதைச் சொல்லத் தோன்றவில்லை.

"நான் கெடுக்கவும் இல்ல, காப்பாத்தவும் இல்ல" என்றார், யாரிடம் என்றில்லாமல். "ஒண்ணுமே பண்ணல நான்."

பழி நீங்கிவிட்டது என்று நாம் நினைப்போம். அக்காவுக்கு அப்படி இல்லை. இத்தனை வருஷம் அந்தப் பழியாவது தம்பியோடு அவரைக் கட்டிவைத்திருந்தது. இப்போது அதுவும் கையிலிருந்து நழுவியதுபோல இருந்தது என்று என்னிடம் சொன்னார். சொல்லும்போது இழுப்பறையைத் திறந்து அந்தக் கண்ணாடியை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் தம்பி மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் மெஷின் சத்தம் நின்றதும் மாடிப்படியில் காலடி கேட்டது. பொடிசு முன்னால், அம்மா பின்னால். பொடிசு இப்போது பொடிசாக இல்லை, அக்காவின் தோள் உயரம் வந்துவிட்டது. தம்பி மனைவி கையிலிருந்த மாத்திரை பாட்டிலை அலமாரியில், பழைய இடத்தில் வைத்தார்.

"என் சத்தத்துக்கு இவ மசிய மாட்டேங்கிறா அண்ணி. மறந்துடுறா, அப்பன் மாதிரியே. இனிமே நீங்களே குடுங்க."

அக்கா பாட்டிலைத் தொடாமல் நின்றார். "என்னை நம்பியா?"

"மேல பேர் எழுதியிருக்கு. படிச்சுட்டுக் குடுங்க. நீங்கதான் கண்ணாடிக் கடையில இருக்கீங்களே."

அக்கா பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, பெயரை ஒருதரத்துக்கு இரண்டுதரம் வாய்விட்டுப் படித்தார். ஒரு மாத்திரையை எடுத்துப் பொடிசின் உள்ளங்கையில் வைத்தார். ஆய்வு முடிந்ததும் சிஸ்டர் கொடுத்தனுப்பியிருந்த, இப்போது கடைகளிலும் கிடைக்கும் அந்தப் புது மாத்திரையைத் தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டார். பொடிசு டம்ளரை நீட்டி, இவர் டம்ளரில் இடித்தது. இரண்டு பேரும் "சியர்ஸ்" என்ற அந்தச் சொல்லை மட்டும் சொல்லவில்லை.

இதைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் இளம் வயதிலேயே நெஞ்சு வலியில் போனவர்கள் இருந்தால், நெஞ்சு சின்னது என்று விட்டுவிடாதீர்கள். அக்கா, தம்பி, பிள்ளைகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டுபோய் ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். யாராவது மருந்து ஆய்வில் சேர்ந்திருந்தால், அன்பு மேலிட்டுக் கைமாற்றிவிட்டாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். இதையெல்லாம் அறிவுரையாகச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், எனக்குத் தெரியும். அதனால் கண்ணாடியக்காவின் கதையாகச் சொல்லுங்கள். தம்பியோ அக்காவோ இருக்கிற ஒருவருக்காவது சொல்லுங்கள்.